பாலத்தோடு பிறந்த வீடுகள்

2022 செப்டம்பரில் திருச்சி காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்ப் பழகியவர்கள் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுந்தார்கள். ஆட்டோக்காரர்கள் கூடுதல் கேட்டார்கள். 2023 மார்ச்சில் பாலம் மறுபடி திறக்கும்வரை ஊர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த வேலையின் அவசியத்தை யாரும் மறுக்கவில்லை. தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன, தளங்களின் இணைப்புகள் விலகிவிட்டன, வண்டி போனால் பாலம் அதிர்கிறது என்பது தினமும் கடந்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

அந்தப் பாலம் 1976 இல் திறக்கப்பட்டது. அதே காலத்தில்தான் தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் திருவானைக்காவலிலும் கான்கிரீட் வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. பாலத்துக்கு அரசுப் பொறியாளர்கள் இருந்தார்கள். 46 வயதில் அதைத் தட்டிப் பார்த்தார்கள், மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். அதனோடு பிறந்த வீடுகளைத் தட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பழைய கட்டுமானம் ஒருநாள் கைவிடும் என்பதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் ஒரே இரவில் கொள்ளிட வெள்ளத்தில் போயின. அதே மாதம், 1928 இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் சரிந்தது. 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கு வாசல் கோபுரத்தில் முதல் நிலையின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் யாருக்கும் காயமில்லை. அடுத்த ஐந்தாவது மாதம், 2024 ஜனவரி 1 அன்று, அரியமங்கலத்தில் ஒரு பழைய வீட்டின் கூரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. ஒரே குடும்பத்தில் நான்கு பேர் போனார்கள். இருவர் சிறுமிகள்.

அன்று பூமி நடுங்கவில்லை. கூரை தன் எடையைத் தானே தாங்க முடியாமல் விழுந்தது. இந்தக் கட்டுரையின் கவலை அங்கேதான் தொடங்குகிறது: சும்மா நிற்கவே பலமில்லாத வீடு, தரை அசைந்தால் என்ன செய்யும்?

திருச்சியில் நிலநடுக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தர நிர்ணய விதி நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரிக்கிறது. 2002, 2016 திருத்தங்களின்படி மண்டலம் 2 இல் தொடங்கி 5 வரை நான்கு. சென்னை, கோவை, சேலம், வேலூர் மூன்றாம் மண்டலம். திருச்சியும் தஞ்சாவூரும் மதுரையும் இரண்டாம் மண்டலம். அதாவது ஆபத்து மிகக் குறைந்த வரிசை. இங்கே எதிர்பார்க்கப்படும் அதிர்வு, மக்கள் பயந்து வெளியே ஓடுகிற, பாத்திரம் உருளுகிற, பூச்சில் விரிசல் விழுகிற அளவு. நன்றாகக் கட்டி நன்றாகப் பராமரித்த வீடு அதைத் தாங்கிவிடும். திருச்சிக்காரர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஆனால் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்று ஓர் ஊர். அன்றைய வரைபடத்தில் அது முதலாம் மண்டலம். அதைவிடப் பாதுகாப்பான வண்ணம் வரைபடத்திலேயே கிடையாது. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை 3.56 மணி. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து களைத்துத் தூங்கிய ஊர்கள். 6.2 அளவில் அதிர்வு. மண் சாந்தில் அடுக்கிய கனத்த கருங்கல் சுவர்களும் அவற்றின் மேல் ஏற்றியிருந்த மண் கூரைகளும் சரிந்து ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2002 இல் விதியைத் திருத்தியபோது முதலாம் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். நாட்டில் எந்த இடமும் இரண்டுக்குக் கீழே இல்லை என்றானது அப்படித்தான். திருச்சியும் கில்லாரியும் ஒன்றென்று இதற்குப் பொருளல்ல. அங்கே மக்களைக் கொன்றது பெரும்பாலும் சுவரும் கூரையும் என்பதே கவனிக்க வேண்டியது.

தமிழ்நாடு அதிர்வே அறியாத மண்ணும் அல்ல. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் வந்த நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்குள் 5.5 அளவில் ஒன்று வந்தது. சென்னையில் அடுக்குமாடிகளிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

அதிர்வு எங்கே பிறந்தது என்பதைவிட, வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்பது சில நேரம் முக்கியமாகிவிடும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் அருகே 7.7 அளவில் பூமி குலுங்கியது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். சபர்மதி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த படிவுமண் மேல் அந்த நகரம் இருக்கிறது. விழுந்தவற்றில் பல, வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நின்ற கட்டடங்கள். 1985 இல் மெக்ஸிகோ நகரமும் பழைய ஏரிப் படுகையின் மேல் இருந்ததால்தான் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்து அதிர்வுக்கு அப்படி ஆடியது. குழைந்த மண் அதிர்வை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கும்.

மலைக்கோட்டைத் தாயுமானவர் ஒரே பாறைமேல் இருக்கிறார். அங்கிருந்து வடக்கே பார்த்தால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கோபுரங்கள் தெரிகிற ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஆற்று மணலும் வண்டலும் சேர்ந்து உருவான தீவு. கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். ஒரே ஊரென்று சொன்னாலும் காலடி மண் வேறு. வரைபடத்தின் ஒரே வண்ணத்துக்குள் இந்த வேற்றுமை தெரியாது.

நிலநடுக்கத்தில் வீட்டுக்கு என்ன நேர்கிறது? சத்திரத்தில் பேருந்து வெடுக்கென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? தரை நகர்கிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. எடை கூடக் கூட அந்த இழுபறியும் கூடும். இரண்டாம் மண்டலத்தில் ஒரு சாதாரண பில்லர் வீட்டுக்கு விதிப்படி கணக்குப் போட்டால், வீட்டின் மொத்த எடையில் சுமார் 4 சதவீதம் பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும். 150 டன் வீடென்றால் 6 டன். ஒரு லாரி பாரம் சுவரில் சாய்ந்து தள்ளுவது போல. 10க்கு 10 அறையின் 5 அங்குலத் தளம் மட்டுமே 3 டன் வரும். அதன்மேல் தட்டோடு, அந்தத் தட்டோட்டைப் பெயர்க்காமல் மேலே ஒட்டிய புது டைல்ஸ், ஒரு டன் தண்ணீர் பிடிக்கும் 1,000 லிட்டர் தொட்டி, பிறகு மகனுக்குக் கல்யாணமானதும் எழுப்பிய மாடி. எல்லாம் 1976 இல் யாரும் கணக்கில் வைக்காத சுமை.

சுமை ஏறிக்கொண்டே போக, தாங்குகிற உடம்பு உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே வருகிறது. அது எப்படித் தேய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பணவிரயத்தைத் தவிர்க்கலாம்.

கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவைக்குத்தான் உள்ளே கம்பி. சிமெண்ட் கெட்டிப்படும்போது கான்கிரீட்டுக்குள் கடுமையான காரத்தன்மை உண்டாகிறது. அந்தக் காரத்தால் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பு வழியே மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். முதலில் வேகமாகவும் போகப்போக நிதானமாகவும் போகும்: 10 ஆண்டில் 10 மில்லிமீட்டர் நுழைந்திருந்தால், 20 மில்லிமீட்டர் நுழைய 40 ஆண்டு ஆகும். கம்பிக்கு மேல் 15 மில்லிமீட்டர் கான்கிரீட்தான் மூடியிருக்கிறது என்றால் சுமார் 22 ஆண்டில் கம்பியைத் தொட்டுவிடும். அந்தக் காலத்துத் தளங்களுக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றுதான் 1978 ஆம் ஆண்டு கான்கிரீட் விதியே சொன்னது. பல வீடுகளில் அதுகூட இல்லை. இன்றைய கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு செருகுவார்கள். கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்து அது நழுவும். கம்பி சென்ட்ரிங் பலகைமேலேயே படுத்துக்கொள்ளும்.

காரம் போன பிறகு ஈரம் ஒன்று போதும். கத்தரி வெயிலில் மொட்டைமாடி விரிந்து, சுவரும் தளமும் சேருமிடத்தில் கீறல் விடுகிறது. ஐப்பசி மழை அதற்குள் இறங்குகிறது. குளியலறைத் தளத்தில் கண்ணுக்குத் தெரியாத கசிவு. கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து கான்கிரீட்டை உதைத்துத் தள்ளுகிறது. கூரையில் நீளவாக்கில் விரிசல், பிறகு உப்பல், பிறகு ஒருநாள் கட்டில்மேல் ஒரு பத்தை. 8 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் துரு தின்றால் மிச்சம் 6 மில்லிமீட்டர். பலத்தில் 44 சதவீதம் போய்விட்டது என்று பொருள். எண்ணெய் போட்டுத் தேய்த்தால் கம்பி பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொண்டு வேலையை விரைவாக முடித்துவிடும். திருச்சிக்கு அந்தத் தொல்லை குறைவு. கடல் தொலைவில், பழைய வீடுகளுக்குக் காவிரி, கொள்ளிட மணல் கிடைத்தது. உப்புத் தண்ணீர் போர்வெல்லில் கலவை குழைத்த இடங்கள்தான் விதிவிலக்கு. ஆனால் காலம் தந்த வேறு குறைகள் உண்டு. மேஸ்திரி வாய்க்கணக்காகப் போட்ட ஒன்று–இரண்டு–நான்கு கலவை இன்றைய கணக்கில் எம்15 தரம். 2000 ஆம் ஆண்டு கான்கிரீட் விதி வீட்டுக்குக் குறைந்தது எம்20 என்று உயர்த்திவிட்டது. கம்பியும் அப்படியே. 1970, 80களில் எல்லோரும் பெருமையாக வாங்கிப் போட்ட முறுக்குக் கம்பி, குளிர்நிலையில் முறுக்கப்பட்டதால் துருவுக்குச் சற்று எளிதில் இடம் கொடுக்கும்.

இதில் நிலநடுக்கத்தோடு நேரே தொடர்புள்ள ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பில்லரில் நட்டமாக நிற்கும் தடித்த கம்பிகளைச் சுற்றி ரிங் கம்பி கட்டுவார்கள். மெல்லியது, 6 மில்லிமீட்டர் இருக்கும். பார்ப்பவருக்கு அது தடித்த கம்பிகளை இடம் மாறாமல் பிடிக்கும் கட்டுக்கம்பி போலத்தான் தோன்றும். உண்மையில் பூமி அசையும்போது பில்லரின் உயிர் ரிங்கில்தான் இருக்கிறது. ரிங் நெருக்கமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் பில்லர் வளையும், விரியும், ஆனாலும் உள்ளிருக்கும் கான்கிரீட்டைச் சிதற விடாது. குடியிருப்பவர் வெளியே ஓட நேரம் கிடைக்கும். ரிங் விட்டால் பில்லர் பொரிந்து உட்கார்ந்துவிடும். மேல்தளம் அப்படியே கீழே வரும். ரிங்கின் முனையை 135 பாகைக்கு உள்நோக்கி வளைக்க வேண்டும் என்பதெல்லாம் ஐ.எஸ். 13920 விதியாக 1993 இல்தான் வந்தது. பழைய வீடுகளில் சும்மா செங்கோணமாக மடக்கி விட்டிருப்பார்கள். எல்லாக் கம்பிகளிலும் வெளிப்புறத்துக்கு மிக அருகே இருப்பது ரிங். எனவே முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். நிலநடுக்கத்துக்கு எது முதலில் வேண்டுமோ, அதைத்தான் துரு முதலில் தின்கிறது.

கூரையிலிருந்து பூச்சு விழுந்தவுடன் கொத்தனாரைக் கூப்பிட்டு, விழுந்த இடத்தில் சிமெண்ட் அப்பி, பெயிண்ட் அடித்துவிட்டு நிம்மதியாகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. துருவுக்கு மேல் போட்ட பூச்சு இரண்டு மழையில் மறுபடி விழும். அதைவிட மோசம், நோய் மறைந்துவிடுகிறது. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993 இல் கட்டிய குடியிருப்பு 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கட்டடத்துக்கு அன்று வயது 28 தான். விரிசல் என்பது வீடு பேசும் மொழி. அதன் வாயில் சிமெண்டை அடைப்பது யாருக்கும் நல்லதல்ல.

சரியான வேலை எப்படி இருக்கும்? முதலில் பளு தாங்கும் முட்டு. ஜாக்கியோ சவுக்கு மரமோ, தளத்துக்கடியில் நெருக்கமாக நிறுத்தாமல் உளியை எடுக்கவே கூடாது. பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உப்பிய இடம் பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடம் முழுவதும், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டால் பின்பக்கத் துரு வேலையைத் தொடரும். கம்பியைப் பளபளக்கத் தேய்த்து, நான்கில் ஒரு பங்குக்குமேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசி, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பசை தடவி, பாலிமர் கலந்த கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ நிரப்புவார்கள். கெட்டுப்போன இடத்துக்குச் சற்று அப்பாலும் கொத்துவது அவசியம். உப்பு ஏறிய தளத்தில் ஒரு திட்டு மட்டும் புதிதாக்கினால், அதன் விளிம்பைச் சுற்றிய பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். கடலோரத்தில் இதைப் பார்க்காத பொறியாளர் இல்லை.

கம்பியின் பெரும்பகுதி எல்லா அறைகளிலும் போய்விட்டிருந்தால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மலிவு. இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் அதிர்ந்துபோகிறார்கள். ஆனால் திருச்சியின் பழைய ஒருமாடி வீடுகளில் பெரும்பாலானவை பில்லர் இல்லாதவை. 9 அங்குலச் செங்கல் சுவரின்மேல் தளம் உட்கார்ந்திருக்கும். சுவர் நன்றாக இருந்தால் தளத்தை அறை அறையாக அறுத்து இறக்கிவிட முடியும். அப்படி இறக்குவது ஓர் அரிய வாய்ப்பும்கூட. சுவர்களின் தலையைச் சுற்றி முழு வீட்டுக்கும் ஒரே வளையமாகக் கான்கிரீட் பட்டை ஓட்டிவிடலாம். பெட்டியைக் கயிறால் கட்டுவது போல. அதிர்வில் செங்கல் வீடு பிரிவது மூலையில்தான். கில்லாரிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு இந்தப் பட்டையைத்தான் வலியுறுத்தினார்கள். தளத்தை எடுக்காத வீட்டிலும், கதவு நிலைக்குமேல் லிண்டல் மட்டத்தில் சுவரின் இரு பக்கமும் கம்பிவலை அடித்துச் சாந்து பூசி இதே பிடிப்பைக் கொண்டுவரலாம் என்று ஐ.எஸ். 13935 வழி சொல்கிறது. செலவு அதிகமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், கேட்கிற வீட்டுக்காரரும் சொல்கிற மேஸ்திரியும் அபூர்வம்.

பில்லர் வீடுகளுக்கு வைத்தியம் வேறு. ஸ்ரீரங்கத்தில் 1990களுக்குப் பிறகு திண்ணை வீடுகளை இடித்துவிட்டு வந்த சிறு அடுக்குமாடிகளில் கீழே கார், மேலே குடித்தனம். அகமதாபாத்தில் விழுந்தவற்றின் அதே உடல்வாகு. இங்கே வரப்போகும் அதிர்வு அந்த அளவு இருக்காது. ஆனாலும் தரைத்தளப் பில்லர்களில் துரு தெரிந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், மாடிக் கூரையை அல்ல. பில்லரைக் கொத்திச் சுத்தம் செய்து, சுற்றிலும் புதுக் கம்பியும் நெருக்கமான புது ரிங்கும் கட்டி, குறைந்தது 100 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் சட்டை போடுவார்கள். ஐ.எஸ். 15988 என்று 2013 இல் வந்த விதி இதற்கென்றே இருக்கிறது. சட்டை அஸ்திவாரத்தில் தொடங்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து தொடங்கினால் அது வெறும் போர்வை.

இதற்கெல்லாம் முன்னால், இந்த மாதமே முடித்துவிடக்கூடிய சில உண்டு. மாடிக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறதா என்று பார்ப்பது ஒன்று. சிறு அதிர்விலும் முதலில் தெருவில் விழுவது அதுதான். சன்ஷேடும் பால்கனியும் அடுத்தது. சுவரிலிருந்து நீட்டி நிற்கும் தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட அன்று யாரோ மிதித்து அது அடியில் போயிருந்தால், இத்தனை ஆண்டு நின்றதே வியப்பு. அதன்மேல் பூந்தொட்டி வரிசையும் ஏசி எந்திரமும் ஏற்றுவதை நிறுத்தினாலே பாதி ஆபத்து குறையும்.

ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதியிலும் சித்திர வீதியிலும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை இடித்துப் போட்ட தார்சு அது. நூறாண்டு கடந்தவை பல. ஒழுகுகிறது என்றதும் அதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்மேல் கான்கிரீட் தளத்தைச் சும்மா உட்கார வைத்தால், சுவரோடு அது ஒட்டாது, வெயிலில் விரிந்து சுவரின் தலையைத் தள்ளும், அதிர்வில் வழுக்கும். வளையப் பட்டை இல்லாமல் அந்த வேலையைச் செய்வதைவிட, செல்லரித்த சட்டத்தை மாற்றிக் காரையைப் புதுப்பிப்பது பல வீடுகளுக்கு நல்லது. அதற்கான கைகள் ஊரைவிட்டு இன்னும் முழுதும் போய்விடவில்லை. ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது மரபு முறையில் செய்த சீரமைப்புக்காகத்தான்.

ஜப்பான் 1981 இல் நிலநடுக்கக் கட்டட விதியைக் கடுமையாக்கியது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரம் குலுங்கி 6,400க்கும் அதிகமானோர் இறந்தபோது, இடிந்தவற்றில் பெரும்பாலானவை 1981க்கு முன் கட்டியவை என்று தெரிந்தது. அதே ஆண்டு பழைய கட்டடங்களைச் சோதித்து வலுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015 இல், கீழ்த்தளம் பலவீனமான பழைய குடியிருப்புகளையும் பழைய கான்கிரீட் கட்டடங்களையும் கட்டாயம் வலுப்படுத்த வேண்டுமென்று ஆணையிட்டது. நம் ஊரில் விதிப்புத்தகங்கள் உண்டு; கதவைத் தட்டிச் சொல்ல ஆள்தான் இல்லை. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரியாத வீட்டில் யார் செலவு செய்வது, வாடகைக்காரரை எங்கே அனுப்புவது, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விகளிலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கம்பி இதற்காகவெல்லாம் காத்திருப்பதில்லை.

அதனால் தொடக்கம் சிறியதாக இருக்கலாம். மேஸ்திரியிடம் அல்ல, கட்டமைப்புப் பொறியாளரிடம். சுத்தியல் போன்ற ஒரு கருவியைக் கான்கிரீட்டில் அழுத்தி, அது எவ்வளவு எம்பித் திரும்புகிறது என்று பார்த்துப் பலத்தைக் கணிப்பார். மீயொலி அனுப்பி உள்ளே பொந்து இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பில்லரிலோ பீமிலோ சிறு துளையிட்டு, அதில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் காரத்தைக் காட்ட இளஞ்சிவப்பாக மாறிய அதே கரைசல். காரம் இருக்கும் இடம் சிவக்கும். போன இடம் சாம்பலாகவே நிற்கும். விளிம்பிலிருந்து நிறம் தொடங்கும் இடம்வரை அளவுகோல் வைத்துப் பார்த்தால் வீட்டின் வயது மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். கம்பிக்கு முன்பே நிறம் தொடங்கிவிட்டால், மொட்டைமாடிக் கீறலையும் குளியலறைக் கசிவையும் ஐப்பசிக்குள் அடைத்துவிட்டு இன்னும் பத்தாண்டு நிம்மதியாக இருக்கலாம். கம்பியைத் தாண்டிய பிறகும் சாம்பலாகவே இருந்தால், மாடி எழுப்ப வங்கியில் கேட்டிருக்கும் கடனைத் தரைத்தளப் பில்லருக்குத் திருப்ப வேண்டியதுதான். மழை விட்டபின் தை மாதத்தில் முட்டுக் கொடுத்து வேலையைத் தொடங்கிவிடலாம்.